ஆறு பெயர், இரண்டு தடவை

அவிநாசி,
21.7.2025

இயற்பியல் ஆசிரியை வேல்விழி அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பதினோராம் வகுப்பில் படிக்கும் நித்யஸ்ரீயின் அப்பா அருள்குமார் எழுதுவது. போனில் பேசினால் என் குரல் உயர்ந்துவிடும். பள்ளி வாட்ஸ்அப் குழுவில் எழுதினால் ஊரே படிக்கும். அதனால்தான் கடிதம். பள்ளிக்குப் பின்னால் குடியிருக்கும் மருதம்மாள் அக்கா எங்கள் கம்பெனியில் வேலை செய்கிறார். அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். உங்கள் பதிலையும் அவரிடமே கொடுக்கலாம்.

என் மகளுக்கு டி.சி. வேண்டும்.

காரணம் உங்களுக்கே தெரியும். போன வியாழக்கிழமை பொருள்களின் இயக்கம் பற்றி ஒரு பரீட்சை வைத்தீர்கள். சுற்றிக்கொண்டிருக்கும் இயந்திரத்துக்கு மின்சாரத்தை நிறுத்தினால் என்ன ஆகும், ஏன் என்று ஒரு கேள்வி. அதற்கு என் மகள் எழுதிய பதிலை மறுநாள் வகுப்பில் சத்தமாகப் படித்தீர்கள். படித்துவிட்டு, "அப்ப நியூட்டனுக்கும் ஒரு காவடி எடுத்துருவோமா?" என்று கேட்டீர்கள். வகுப்பே சிரித்தது. அன்று சாயங்காலம் பஸ்ஸில் வரும்போதே அவளுக்குப் பெயர் காவடி ஆகிவிட்டது. இன்று காலை யூனிபார்ம் போட்டுக்கொண்டு வாசல் வரை வந்தவள், "நான் போகிலீங்கப்பா" என்று உள்ளே போய்விட்டாள்.

அந்தப் பதில் அவளுடையது இல்லை, நான் சொல்லிக் கொடுத்தது. நான் ஐ.டி.ஐ. பிட்டர். சாயப்பட்டறையில் பதினோரு வருடமாக ஹைட்ரோ பார்க்கிறேன். சாயம் ஏறிய ஈரத் துணியை டிரம்மில் போட்டு வேகமாகச் சுற்றித் தண்ணீரை எடுக்கிற இயந்திரம் அது. சுவிட்சை அணைத்தாலும் டிரம் உடனே நிற்காது. நான் வேலைக்குச் சேரும் முன்பே பிரேக் தேய்ந்துவிட்டது. சுற்றும்போது மூடியைத் திறந்து கை விட்டால் கை மிஞ்சாது. அதனால் எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. சுவிட்சை அணைத்ததும் திருப்பரங்குன்றம், திருச்செந்தூர், பழனி, சுவாமிமலை, திருத்தணி, பழமுதிர்சோலை என்று ஆறுபடை வீட்டின் பெயர்களை மூச்சுவிட்டு நிதானமாக இரண்டு தடவை சொல்வோம். இரண்டாவது பழமுதிர்சோலைக்கு டிரம் நின்றிருக்கும். அதன் பிறகுதான் மூடியைத் தொடுவோம். பீகாரிலிருந்து வேலைக்கு வருகிறவர்கள்கூட முதலில் கற்றுக்கொள்கிற தமிழ் இந்த ஆறு பெயர்தான். இதுவரை ஒரு கைக்கும் காயமில்லை.

டிரம்முக்குள் ஏறிய விசை கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்து, இரண்டு தடவை சொல்லி முடிக்கும்போது நின்றுவிடும் என்று அவள் எழுதியிருக்கிறாள். அதில் சிரிக்க என்ன இருக்கிறது? விசையே இல்லாமல் எல்லாம் தானாக ஓடும் என்று நீங்கள் சொன்னீர்களாம். அப்படியானால் எங்கள் முதலாளி எதற்குக் கரண்ட் வாங்குகிறார் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் எல்லாரும் தறி, தறியை விட்டால் பனியன். சயின்ஸ் குரூப் எடுத்தது இவள் ஒருத்திதான். அது எனக்குப் பெருமையாக இருந்தது.

இப்படிக்கு,
அருள்குமார்


திருமுருகன்பூண்டி,
23.7.2025

திரு. அருள்குமார் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தை ஆசிரியர் அறையில் பிரித்தேன். பக்கத்தில் ஆள் இருந்ததால் மூடி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து படித்தேன்.

காவடி என்று நான் சொல்லியிருக்கக் கூடாது. சாமியைக் கேலி செய்யும் எண்ணம் எனக்கு இல்லை. என் அம்மா உசிலம்பட்டியிலிருந்து பிழைக்க வந்து, பனியன் கம்பெனியில் தையல்காரருக்குப் பக்கத்தில் நின்று துணி மடித்துக் கொடுத்து என்னைப் படிக்க வைத்தவர். வருடம் தவறாமல் பழனிக்கு நடப்பவர். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று அவர்தான் என்னைப் பேசப் பழக்கினார். பிழைத்துவிட்டேன், வாய்தான் அடங்கவில்லை.

ஆனால் அந்தப் பரீட்சை எதற்கு என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு மதிப்பெண்ணே கிடையாது. எட்டுக் கேள்விகள். சரியான விடையைக் குறித்துவிட்டு, ஏன் என்று சொந்த வார்த்தையில் எழுத வேண்டும். நம் பிள்ளைகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் நியூட்டனின் முதல் விதியை ஒப்பிப்பார்கள். அதே பிள்ளையிடம், மேலே எறிந்த பந்து கையை விட்டுப் போன பிறகு அதன் மேல் என்ன விசை இருக்கிறது என்று கேட்டால், எறிந்த கையின் விசை இன்னும் பந்துக்குள் இருக்கிறது என்பார்கள். விதி ஒரு பக்கம் இருக்கும், நம்பிக்கை ஒரு பக்கம் இருக்கும். இரண்டும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொள்வதே இல்லை. பதினைந்து வருடமாகப் பாடம் நடத்துவதில் எனக்கு இருக்கிற பெரிய எரிச்சல் இதுதான். அந்த எரிச்சல் உங்கள் மகள் மேல் விழுந்துவிட்டது.

அவள் எழுதியது தப்புதான். டிரம்முக்குள் விசை எதுவும் ஏறி உட்காரவில்லை. ஓடுகிற பொருள் தானாக ஓடும், நிறுத்துவதற்குத்தான் ஆள் வேண்டும். உங்கள் டிரம்மை நிறுத்துவது பேரிங்கின் உராய்வு. கொஞ்சம் காற்றும் தடுக்கும். கரண்ட் எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். உராய்வு டிரம்மைத் தடுக்கிறது. மோட்டார் தரும் விசை அதைவிட அதிகமாக இருப்பதால்தான் டிரம் ஒரே வேகத்தில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. இது எட்டாம் வகுப்புப் பாடம்.

டி.சி.க்கு வகுப்பாசிரியை கையெழுத்து வேண்டும். வகுப்பாசிரியை நான். போடமாட்டேன். அவளை அனுப்பி வையுங்கள்.

வேல்விழி


அவிநாசி,
28.7.2025

ஆசிரியை அவர்களுக்கு,

வருத்தம் தெரிவிக்க நாலு வரி, என் மகள் தப்பு என்று நிரூபிக்கப் பத்து வரி. உங்கள் கடிதத்தை அவளிடம் காட்டவில்லை. மடித்து டிபன் பைக்குள் வைத்திருக்கிறேன்.

எட்டாம் வகுப்பை நானும் தாண்டித்தான் வந்தேன். பேரிங் டிரம்மை நிறுத்துகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பேரிங் போடுவதே சக்கரம் நன்றாகச் சுற்றுவதற்குத்தான். நிறுத்துவதற்கு யாராவது பேரிங் போடுவார்களா? எங்கள் ஹைட்ரோ பேரிங் பழசாகிக் கரகரவென்று கத்துகிறது. வருகிற ஞாயிறு ஆடிப் பதினெட்டுக்குப் பட்டறை லீவு. அன்று புதுசு மாற்றப் போகிறேன். இதைக்கூட உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நித்யஸ்ரீ தையல் பயிற்சியில் சேருகிறேன் என்கிறாள். அவிநாசியில் ஒரு கம்பெனி எடுத்துக்கொள்கிறது. ஆடியில் நல்ல காரியம் தொடங்க வேண்டாம் என்று அவள் அம்மா நிறுத்தி வைத்திருக்கிறாள். ஆவணி ஒன்றாம் தேதி, ஆகஸ்ட் பதினேழு, சேர்த்துவிடுவேன். அதற்குள் டி.சி. வேண்டும். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். நீங்கள் போடுகிற இடம் மட்டும் காலியாக இருக்கிறது.

அருள்குமார்


திருமுருகன்பூண்டி,
30.7.2025

திரு. அருள்குமார் அவர்களுக்கு,

பேரிங் மாற்றப் போகிறேன் என்று எழுதியதைப் படித்ததும் எனக்குச் சண்டையே மறந்துபோனது. கோபித்துக்கொள்ளாமல் படியுங்கள்.

நித்யஸ்ரீ எழுதியது சரி என்று வைத்துக்கொள்வோம். டிரம் வழக்கமான வேகத்தில்தான் சுற்றப் போகிறது. அப்படியானால் வழக்கமான அளவு விசைதான் அதற்குள் ஏறியிருக்கும், வழக்கமான நேரத்தில்தான் தீரும். பேரிங் பழசோ புதுசோ, இரண்டாவது பழமுதிர்சோலைக்கு டிரம் நிற்க வேண்டும். நான் சொல்வது சரியென்றால், புதுப் பேரிங்கில் உராய்வு குறைவு, நிறுத்துகிற ஆள் பலவீனமாகிவிட்டான். டிரம் இன்னும் வெகுநேரம் சுற்றும்.

எண்ணிப் பாருங்கள். இரண்டு தடவையில் நின்றால் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டு உங்கள் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்துவிட்டு, நித்யஸ்ரீயிடம் மன்னிப்பும் கேட்கிறேன். கூடுதலாக ஒரு பெயர் சொல்ல வேண்டி வந்தாலும் பிள்ளையை அனுப்ப வேண்டும்.

பள்ளியில் இப்படி ஒரு சோதனை செய்ய எங்களுக்கு வசதி இல்லை. உங்களிடம் இருக்கிறது.

வேல்விழி


அவிநாசி,
5.8.2025

டீச்சர் அவர்களுக்கு,

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

உங்கள் பந்தயத்துக்கு வரக்கூடாது என்றுதான் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பேரிங் மாற்றினேன். கையால் ஒரு தள்ளுத் தள்ளிப் பார்த்தேன், சத்தமே இல்லாமல் சுற்றியது. துணி போட்டு ஓட்டிப் பார்த்து எண்ணியிருக்க வேண்டும். ஒரு வாத்தியாரம்மா சொல்லி நான் எண்ணுவதா என்ற வீம்பில் விட்டுவிட்டேன்.

நேற்று மதியம் மருதம்மாள் அக்கா ஹைட்ரோவில் நின்றார். நான் நாலடி தள்ளி டிரையர் பக்கம் திரும்பி நின்றிருந்தேன். அக்கா சுவிட்சை அணைத்தார். பெயர் சொன்னார். அவசரப்படவில்லை, இரண்டு தடவையும் முறையாகச் சொல்லி முடித்தது என் காதில் விழுந்தது. பழைய பேரிங் கத்தும், டிரம் நின்றதும் கத்தல் நிற்கும், காதும் ஒரு சாட்சி சொல்லும். புதுப் பேரிங்கில் அந்தச் சத்தமும் இல்லை. அக்கா மூடியைத் திறந்து, வழக்கம்போல் துணியைப் பார்க்காமலே கையை விட்டிருக்கிறார்.

"அக்கா, கைய எடுங்க! இன்னு நிக்கிலீங்க!" என்று ஒரு கத்தல். நித்யஸ்ரீ. எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள் சுவரோரம் நின்று குனிந்து, டிரம்முக்குக் கீழே பெல்ட் ஓடுகிற புல்லியையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அக்கா கையை இழுத்துக்கொண்டார். சேலைக்கு மேல் போட்டிருந்த சட்டையின் கை மட்டும் துணியில் சிக்கித் தோள் வரை கிழிந்தது. வளையல் இரண்டு உடைந்து மணிக்கட்டில் கீறல். அவ்வளவுதான். அவ்வளவோடு போனது.

பேரிங்கை மாற்றியவன் நான். எண்ணிக்கையை மாற்றாதவனும் நான். பதினோரு வருடமாக இரண்டு தடவை என்று எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்ததும் நான்தான்.

அதன் பிறகு நானே எண்ணினேன். நாலு தடவை முழுதாகச் சொல்லி, ஐந்தாவதில் பழனி வரும்போது நின்றது.

நித்யஸ்ரீ எதற்குப் புல்லியைப் பார்த்தாள் என்று ராத்திரி கேட்டேன். உங்கள் கடிதங்களை என் டிபன் பையிலிருந்து எடுத்துப் படித்திருக்கிறாள். "நீங்க எண்ண மாட்டீங்கன்னு தெரியுமுங்கப்பா, அதுனால நா எண்ணலாம்னு வந்தனுங்க" என்றாள்.

பந்தயத்தில் நீங்கள் ஜெயித்தீர்கள். அவள் எழுதியது தப்பு என்று அவளே ஒத்துக்கொள்கிறாள். ஆனால் உங்கள் 23ஆம் தேதிக் கடிதத்திலும் ஒரு தப்பு இருக்கிறது என்கிறாள். மோட்டார் விசை உராய்வைவிட அதிகமாக இருப்பதால் டிரம் ஒரே வேகத்தில் சுற்றுகிறது என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் பேனலில் கரண்ட் காட்டுகிற மீட்டர் இருக்கிறது. சுவிட்சைப் போட்டதும் முள் எகிறும், டிரம் வேகம் எடுக்கும். பிறகு முள் இறங்கி ஓரிடத்தில் நிற்கும், வேகமும் ஏறாது. "அதிகமா இருந்துட்டே இருந்தா வேகமும் ஏறீட்டே போவோணுமல்லங்க? ஏன் போறதில்லீங்க?" என்று கேட்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை. உங்களைக் கேட்டு எழுதச் சொன்னாள்.

அருள்குமார்


திருமுருகன்பூண்டி,
10.8.2025

அருள்குமார் அவர்களுக்கு,

ஐந்து நாள் பதில் எழுதாமல் இருந்தேன். முதல் நாள் முழுவதும் உங்கள் மகளின் கேள்வியில் எங்கே தப்பு இருக்கிறது என்று தேடினேன். இரண்டாம் நாள் தேடுவதை விட்டுவிட்டேன். மிச்ச மூன்று நாளும் வெட்கத்தில் போயின.

அவள் கேட்டது சரி. நான் எழுதியது தப்பு. முள் எகிறி நிற்கிற நேரத்தில்தான் மோட்டாரின் விசை அதிகம், அப்போதுதான் வேகம் ஏறுகிறது. முள் இறங்கி ஓரிடத்தில் நின்ற பிறகு மோட்டார் தள்ளுவதும் உராய்வு தடுப்பதும் சமம். மிச்சம் எதுவும் இல்லை. மிச்சம் இல்லாததால்தான் வேகம் மாறவில்லை. சுற்றுகிற பொருளில் விசைக்குப் பாடத்தில் வேறு சொல் உண்டு, இப்போதைக்கு விசை என்றே வைத்துக்கொள்ளலாம். இந்தக் கணக்கைக் கரும்பலகையில் எத்தனையோ தடவை போட்டிருக்கிறேன். ஆனாலும் ஒரு பொருள் ஓடுகிறது என்றால் ஓடுகிற பக்கம் கொஞ்சமாவது விசை கூடுதலாக இருக்கத்தான் வேண்டும் என்று எனக்குள்ளும் ஒருத்தி நம்பிக்கொண்டிருக்கிறாள். பிள்ளைகளிடம் எதைக் கண்டு எரிச்சல்பட்டேனோ அதை என் கைப்பட எழுதி, எட்டாம் வகுப்புப் பாடம் என்று முத்திரையும் குத்தி உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன்.

நாற்பத்திரண்டு விடைத்தாள்களையும் மறுபடி எடுத்துப் பார்த்தேன். அந்தக் கேள்விக்கு இருபத்தொன்பது பேர் சரியான விடையைக் குறித்திருக்கிறார்கள். ஏன் என்ற இடத்தில் அவர்களில் இருபத்தாறு பேர் எழுதியிருப்பது நித்யஸ்ரீ எழுதிய அதே விஷயம்தான். பாடப்புத்தக வார்த்தைகளைப் போட்டுப் பூசி மெழுகியிருந்ததால் எனக்கு உறைக்கவில்லை. அவள் மட்டும் நினைத்ததை நினைத்தபடி எழுதினாள். அவளைத்தான் பிடித்து எல்லார் முன்னாலும் நிறுத்தினேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டிரம் வெகுநேரம் சுற்றும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதானே பந்தயம் கட்டினேன்? அப்படியானால் இரண்டு தடவை சொல்லிப் பழகியவர்கள் ஜாக்கிரதை, யாரும் கை விட வேண்டாம் என்று ஒரு வரி எழுதியிருக்க வேண்டாமா? எனக்கு அது ஒரு கணக்காக மட்டுமே தெரிந்தது. அந்த மூடிக்குப் பக்கத்தில் ஒரு கை இருக்கும் என்று நினைக்கவே இல்லை. நீங்கள் உங்களைத் திட்டி எழுதியிருந்தீர்கள், அதில் பாதி என்னைச் சேர்ந்தது.

மருதம்மாள் அக்கா கடிதத்தைக் கொடுத்துவிட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். "ஏனுங்க டீச்சர், அந்தக் கடுதாசில அப்பிடி என்னங்க எழுதியிருந்தீங்கொ? அதப் படிச்சுப்போட்டுத்தான் புள்ள அங்க வந்து நின்னுச்சாமா. இல்லீனா எங்கைய ஆசுபத்திரியிலதானுங்க தேடோணும்" என்றார். அவர் கையைப் பிடித்துப் பார்த்தேன். கீறல் காய்ந்திருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

பந்தயத்தை நான் கேட்கமாட்டேன். ஆவணி ஒன்றுக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருக்கிறது. அவள் தையலுக்குப் போனால் நன்றாகவே தைப்பாள். ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்த பிள்ளை என் வகுப்பில் இல்லாமல் போனால், போனது எனக்குத்தான்.

வேல்விழி


அவிநாசி,
12.8.2025

டீச்சர் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை இந்தத் தடவை நானே நித்யஸ்ரீயிடம் கொடுத்தேன்.

பிரேக் போட்டால்தான் ஹைட்ரோவை ஓட்டுவேன் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு மெயினை இறக்கிவிட்டேன். முதலில் சத்தம் போட்டார். மருதம்மாள் அக்கா கிழிந்த சட்டையைக் கொண்டுபோய் அவர் மேஜையில் வைத்ததும் பிரேக் போட ஆளை வரவழைத்துவிட்டார். மூடிக்கு லாக்கும் வருகிறது. பெயர் சொல்வதை நிறுத்தவில்லை. ஆனால் சொல்லி முடித்ததும் குனிந்து புல்லியைப் பார்த்துவிட்டுத்தான் இப்போது மூடியைத் தொடுகிறோம். "சாமி காப்பாத்துமுங்க, கண்ண மூடீட்டு கைய வெக்கச் சொல்லுலீங்களே" என்கிறார் அக்கா.

மகள் விஷயம். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு ஒன்றுதான் கேட்டாள். "நா எழுதுனதக் கிளாஸ்ல படிச்சாங்களே, அவங்க எழுதுனதையும் படிப்பாங்களாங்கப்பா?"

பெரியவர்களிடம் இப்படிக் கேட்கலாமா என்று அவள் அம்மா அதட்டினாள். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. உங்கள் 23ஆம் தேதிக் கடிதத்தை இத்துடன் திருப்பி வைத்திருக்கிறேன். வியாழக்கிழமை காலை அவள் வருவாள். நீங்கள் படிக்காவிட்டால் சாயங்காலம் டி.சி.யோடு திரும்பட்டும். உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவள் அந்த வகுப்பில் தலை நிமிர்ந்து உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

அருள்குமார்


திருமுருகன்பூண்டி,
14.8.2025, மாலை

அருள்குமார் அண்ணனுக்கு,

நித்யஸ்ரீ சொல்வதற்கு முன் நான் எழுதிவிட வேண்டும் என்று பள்ளியில் உட்கார்ந்தே எழுதுகிறேன்.

முதல் பீரியட் எனக்குத்தான். அவள் உள்ளே வரும்போது பின் பெஞ்சில் யாரோ "காவடி" என்று முனகியது கேட்டது. உங்களுக்கு எழுதிய கடிதத்தை எடுத்தேன். ஒருவருக்கு நான் எழுதியது, இதில் ஒரு தப்பு இருக்கிறது, கண்டுபிடியுங்கள் என்று சொல்லிவிட்டு, கரண்ட் எதற்கு என்ற பகுதியைப் படித்தேன். எட்டாம் வகுப்புப் பாடம் என்ற வரி வந்தபோது நிறுத்தினேன். தண்ணீர் குடித்துவிட்டு அதையும் படித்தேன்.

யாரும் தப்பைக் கண்டுபிடிக்கவில்லை. ஏழெட்டுப் பேர் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்கள், ஒரு பிள்ளை சிவப்பு மையில் அடிக்கோடும் போட்டது. டீச்சர் சொன்னால் தப்பாக இருக்க முடியாது அல்லவா? எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பதினைந்து வருடம் நான் என்ன நடத்தியிருக்கிறேன் என்பதை அந்தச் சிவப்புக் கோட்டில் பார்த்தேன்.

பிறகு நித்யஸ்ரீ எழுந்தாள். உங்கள் மீட்டர் முள்ளைப் பற்றிச் சொன்னாள். முள் ஏறும்போது வேகம் ஏறுவதையும், முள் நின்றால் வேகம் நிற்காமல் அப்படியே இருப்பதையும் கையால் சுற்றிக் காட்டினாள். பழைய பேரிங்குக்கு இரண்டு தடவை, புதுப் பேரிங்குக்கு நாலரைத் தடவை என்றாள். யாருடைய கை என்று சொல்லாமல், ஒரு கை தப்பியதையும் சொன்னாள். தான் எழுதியதும் தப்பு, டீச்சர் எழுதியதும் தப்பு, இரண்டும் ஒரே தப்பு என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். இதைவிடச் சுருக்கமாக என்னால் சொல்லியிருக்க முடியாது.

"இப்ப என்னையப் பாத்துச் சிரிக்கணும்னா சிரிச்சுக்கங்க, அன்னைக்குச் சிரிச்சீங்கள்ல?" என்றேன். ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. எல்லாரும் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது நித்யஸ்ரீ மறுபடி கையைத் தூக்கினாள்.

"டீச்சர், நியூட்டனுக்கு எடுக்கறதா இருந்தா இப்ப ரெண்டு காவடியாவல்லங்க எடுக்கோணும்?"

சொல்லிவிட்டு அவளே முதலில் சிரித்தாள். பிறகுதான் மற்றவர்கள். நானும் சிரித்தேன், வெகுநாளைக்குப் பிறகு வகுப்பில் வாய்விட்டு. இனிமேல் அந்தப் பெயரை அவளை நோக்கி யாரும் சொல்லமாட்டார்கள் என்று நினைக்கிறேன். சொன்னால் பாதி என்னையும் சேரும்.

அந்தப் பரீட்சையைத் திங்கட்கிழமை மறுபடி வைக்கிறேன். இந்தத் தடவை பிள்ளைகளோடு நானும் உட்கார்ந்து எழுதப் போகிறேன். திருத்துவது நித்யஸ்ரீ.

மருதம்மாள் அக்கா வந்துவிட்டார், முடிக்கிறேன். கடிதம் எழுத எனக்குத் தாள் கிடைக்காமல் இல்லை. ஆனாலும் இந்தத் தாளில் எழுதினால்தான் இது வேறு எதற்கும் பயன்படாமல் போகும் என்று தோன்றியது. மறுபக்கம் திருப்பிப் பாருங்கள். உங்கள் கையெழுத்து இருக்கும், என் இடம் காலியாக இருக்கும்.

வேல்விழி